மருந்து அடியில் தங்குமா?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், சானமாவுக் காட்டை ஒட்டி, நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் கடை இருக்கிறது. தகரக் கூரை. வாசலில் புளியமரம். மரத்தடியில் நின்ற வாக்கில் இரண்டு ஆயில் பேரல். ராகி முற்றும் பருவத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இறங்கிவந்து இந்தக் காட்டில் நாள்கணக்கில் தங்கும். அந்த மாதங்களில் பொழுது சாயும் முன்பே கடையை அடைத்துவிடுவார்கள். ஆயில் மாற்ற வேண்டுமென்றால் காலைப் பனி விலகியதும் போய் நிற்பது என் பழக்கம்.

போன மார்கழியில் அப்படி ஒரு காலை. கடைக்காரர் பழைய ஆயிலைக் கடைசிச் சொட்டுவரை வடியவிட்டு, டிரெயின் போல்ட்டைத் திருகி முடித்து, புது டப்பாவைக் கையிலெடுத்தார். சீலை உடைப்பதற்கு முன் காதோரம் வைத்து இருபது முப்பது தடவை குலுக்கினார். ஐ.டி.ஐ. படித்துக்கொண்டே அங்கு வேலை பழகும் பையன் கேட்டான்: "எதுக்குண்ணா குலுக்கறீங்க?"

"மருந்து அடியில தங்கியிருக்கும்டா. குலுக்காம ஊத்துனா வெறும் எண்ணெய்தான் எஞ்சினுக்குப் போகும்."

அத்திப்பள்ளியிலிருந்து வண்டி கொண்டுவந்திருந்த ஒருவர், "ஹௌது, அல்லாடிசி ஹாக்கு" என்று கன்னடத்தில் ஆமோதித்தார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்காரும் எல்லை இது. குலுக்கி ஊற்றுவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

பையனின் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. சீல் உடையாத, பழசாகிப்போகாத, நல்ல எஞ்சின் ஆயிலைக் குலுக்கத் தேவையில்லை என்பதுதான் பதில். ஆனால் கடைக்காரரின் எண்ணம் வெறும் பழக்கத்தில் வந்ததில்லை. அவர் குடும்பம் தக்காளியும் ரோஜாவும் போட்ட குடும்பம். தண்ணீரில் கலக்கும் பூச்சிமருந்துத் தூளைத் தெளிப்பானில் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்தவர். மருந்து அடியில் இறங்கிவிடும். முதல் வரிசைச் செடிக்கு அளவுக்கு மேல் போகும், கடைசி வரிசைக்கு வெறும் தண்ணீர். வயலில் கற்ற அந்தப் பாடத்தைத்தான் ஆயில் டப்பாவிடம் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு இடத்திலும் மருந்து என்ற சொல் ஒன்றே. பொருள் இருக்கும் விதம்தான் வேறு.

ஆயிலில் மருந்து இருப்பது உண்மை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சுத்திகரித்துக் கிடைப்பது அடிப்படை எண்ணெய். நம் சென்னையில் மணலி சுத்திகரிப்பு ஆலை இதைத் தயாரிக்கிறது. டப்பாவில் முக்கால் பங்குக்கு மேல், சிலவற்றில் பத்தில் ஒன்பது பங்கு, இந்த எண்ணெய்தான். மிச்சம் முழுக்க மருந்துகள். உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, தான் தேய்ந்து இரும்பைத் தேயாமல் காக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று. காற்றுபட்டு எண்ணெய் கெட்டுப்போவதைத் தள்ளிப்போடுவது ஒன்று. சூடேறும்போது எண்ணெய் மிகவும் நீர்த்துவிடாமல் பிடித்துநிறுத்தும் நீண்ட பாலிமர் இழைகள். அவை இருப்பதால்தான் டப்பாவின் மேல் 20டபிள்யூ-40 என்று இரண்டு எண்களைப் போட முடிகிறது. கரியைக் கட்டிதட்டவிடாமல் பிரித்துவைப்பது ஒன்று. நுரையை அடக்குவது ஒன்று. எரிபொருள் எரிந்து உண்டாகும் அமிலத்தை முறிப்பதற்கு இன்னொன்று.

அமிலத்தை முறிக்கும் அந்தக் கடைசி மருந்துதான் இந்தக் கட்டுரையின் மையம். ஏனென்றால் அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் கரும்பலகைச் சாக்கட்டியும் எந்தப் பொருளோ அதே பொருள். சாக்கட்டித் தூளை ஒரு கிண்ணம் எண்ணெயில் போட்டுக் கலக்கி வைத்துப் பாருங்கள். மறுநாளே அடியில் படிந்திருக்கும். அப்படியிருக்க, ஆயிலுக்குள் இருக்கும் சுண்ணாம்பு மட்டும் ஏன் படியாமல் இருக்கிறது? கடைக்காரரின் சந்தேகத்துக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது. இதற்குப் பதில் சொல்லாமல் "குலுக்க வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

பதில் துகளின் அளவில் இருக்கிறது. ஆயிலில் உள்ள சுண்ணாம்புத் துகளின் குறுக்களவு 10 நானோமீட்டர் அளவு. ஒரு மில்லிமீட்டரில் இப்படிப்பட்ட துகள்களை ஒரு லட்சம் வரிசையாக அடுக்கலாம். ஒவ்வொரு துகளையும் சுற்றிச் சவர்க்காரம் போன்ற மூலக்கூறுகள் ஒரு சட்டை போட்டிருக்கின்றன. அந்த மூலக்கூறின் தலை சுண்ணாம்பைப் பற்றிக்கொள்கிறது, வால் எண்ணெய்ப் பக்கம் நீண்டு நிற்கிறது. இரண்டு துகள்கள் நெருங்கினால் வால்கள் உரசி விலக்கிவிடும். ஒட்டிக்கொண்டு பெரிதாக வழியில்லை. நம் கண்ணுக்கு அந்த ஆயில் தேன்போலத் தெளிவாகத் தெரிவதும் இதனால்தான். ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குக்கூட அந்தத் துகள் பெரிதில்லை.

பிசுபிசுப்பான திரவத்தில் ஒரு உருண்டை எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதற்கான விதியை 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் எழுதினார். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வேகம் உருண்டையின் அளவைப் பொறுத்ததல்ல, அளவின் இருமடியைப் பொறுத்தது. துகள் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 20டபிள்யூ-40 ஆயில், சாதாரண அறைவெப்பம், 10 நானோமீட்டர் சுண்ணாம்புத் துகள் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஓர் ஆண்டில் அது இறங்கும் தூரம் சுமார் நூறில் ஒரு மில்லிமீட்டர் வந்தது. ஒரு சாண் உயர டப்பாவின் மேலிருந்து அடிக்குப் போய்ச்சேர அந்தக் கணக்கில் 20,000 ஆண்டு ஆகும். அதே சுண்ணாம்பு ஒரு மைக்ரான் துகளாக இருந்திருந்தால், அதாவது நூறு மடங்கு பெரிதாக இருந்திருந்தால், வேகம் பத்தாயிரம் மடங்கு கூடி இரண்டே ஆண்டில் அடியில் படிந்திருக்கும். சாக்கட்டித் தூளில் இன்னும் பெரிய துகள்கள் இருக்கின்றன. கிண்ணத்தில் அது ஒரே நாளில் படிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இருபதாயிரம் ஆண்டு என்பதும் துகளைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் வரும் கணக்கு. உண்மையில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஓயாமல் நாலாபுறமும் முட்டித் தள்ளுகின்றன. இந்த அலைச்சலை 1905-இல் ஐன்ஸ்டீன் கணக்கில் கொண்டுவந்தார். பிரான்சின் ஜான் பெர்ரன் ஒரு மரப்பிசினின் நுண்ணுருண்டைகளை நீரில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியின் கீழ் அடுக்கடுக்காக எண்ணிப் பார்த்தார். எல்லா உருண்டைகளும் அடியில் படியவில்லை. பூமியின் காற்று மேலே போகப்போக மெலிவதுபோல, உருண்டைகளும் அடியில் நெருக்கமாக, மேலே கலைவாக நின்றன. இறக்கும் எடையும் கலைக்கும் அலைச்சலும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டன. அணுக்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று சந்தேகப்பட்டவர்களையும் ஒப்புக்கொள்ள வைத்த வேலை அது. 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்ரனின் உருண்டைகளைவிட நம் ஆயிலின் சுண்ணாம்புத் துகள் பல மடங்கு சிறியது. எடை அதை இழுப்பதைவிட மூலக்கூறுகள் அதை அலைக்கழிப்பதே அதிகம். போதாக்குறைக்கு, பகலில் டப்பாவின் ஒரு பக்கம் வெயில் பட்டாலே உள்ளே எண்ணெய் மெல்லச் சுழலும். எல்லாமாகச் சேர்ந்து டப்பாவை எப்போதும் கலக்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

மற்ற மருந்துகள் பெரும்பாலும் இதைவிட எளிது. அவை எண்ணெயில் கரைந்தே போய்விட்டவை. பாகில் சர்க்கரை எப்படியோ அப்படி. பாகை ஒரு மாதம் வைத்தாலும் சர்க்கரை மேலே குறைந்து கீழே கூடாது. ராகி மாவைத் தண்ணீரில் கரைப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அது கரைவதில்லை, மிதக்கிறது. கூழ் காய்ச்சுகிறவர்கள் கை ஓயாமல் துழாவுவது அதற்காக. நம் மொழியில் இரண்டையும் கரைப்பது என்றே சொல்வதால் மனத்திலும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆயில் ஆலையில் அடிப்படை எண்ணெயையும் மருந்துகளையும் பெரிய தொட்டியில் 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி நன்றாகக் கலந்த பிறகுதான் டப்பாவில் அடைக்கிறார்கள். குலுக்கும் வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போகக் கூடாது. நுரை அடக்கும் மருந்து பெரும்பாலும் சிலிகோன். அளவில் பத்து லட்சத்தில் சில பங்கு, மிஞ்சினால் சில பத்துப் பங்கு. இது கரையக் கூடாது என்பதே அதன் இலக்கணம். கரைந்துவிட்டால் குமிழின் தோலில் போய் உட்கார்ந்து அதை உடைக்க முடியாது. ஆகவே அது நுண்ணிய சொட்டுகளாகவே எண்ணெயில் இருக்கும், எண்ணெயைவிடச் சற்று கனமும்கூட. ஒரு மைக்ரான் சொட்டு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறங்கக்கூடும். பல ஆண்டு அலமாரியில் கிடந்த டப்பாவில் இது கொஞ்சம் கீழே சேர்ந்திருக்கலாம். டப்பாவை முழுக்கக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் அதுவும் உடன் போய்விடும். ஓடுகிற எஞ்சினில் கிராங்க்கும் பல்சக்கரங்களும் ஆயில் பம்பும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளில் அடிக்கும் அடிக்கு முன்னால் நம் கையின் இருபது குலுக்கல் கணக்கிலேயே வராது.

குலுக்கினால் கெடுதல் உண்டா? எஞ்சினுக்கு இல்லை. காற்றுக் குமிழ்கள் மட்டும் சேரும். ஒரு மில்லிமீட்டர் குமிழ் சில நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மேலே வந்து உடையும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு நுண்குமிழோ நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும். மார்கழிக் குளிரில் அதைவிட மெதுவாக. அப்படிப் புகைமூட்டமாக இருக்கும் ஆயிலை ஊற்றி உடனே டிப்ஸ்டிக் வைத்துப் பார்த்தால் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அளவு சரியென்று நினைத்து டப்பாவில் மிச்சம் வைப்பவர்கள் உண்டு. ஒரு லிட்டருக்குள் பிடிக்கிற பைக் எஞ்சினில் ஐம்பது மில்லி குறைவதுகூடப் பொருட்படுத்த வேண்டியதுதான்.

குலுக்கல் உண்மையிலேயே வேலை செய்த ஒரு காலத்தையும் இந்த ஊர்தான் பார்த்திருக்கிறது. 1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. இரண்டு பேர் ஏறிப் போகக்கூடிய மொபெட் இந்தியாவில் அதுவே முதல். பால்காரர், வாத்தியார், கீரைக்கட்டு ஏற்றிச் சந்தைக்குப் போகும் சம்சாரி என்று எல்லார் வீட்டுத் திண்ணையோரத்திலும் அது நின்றது. டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதன் கிராங்க் அறையில் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்து வரும் 2டி ஆயில்தான் போகிற வழியில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டுக் கடைசியில் எரிந்து நீலப் புகையாக வெளியேறும். பங்கில் பெட்ரோலோடு சின்ன அளவுக்குவளையில் 2டி ஆயிலையும் ஊற்றுவார்கள். லிட்டருக்கு 20 மில்லி, 40 மில்லி என்று வண்டிக்குத் தக்க கணக்கு.

ஊற்றி முடித்ததும் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, ஹேண்டிலைப் பிடித்து, இப்படியும் அப்படியும் நாலு தடவை சாய்த்து ஆட்டுவார்கள். என் அப்பா ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை. டேங்க்கில் பெட்ரோல் சளசளக்கும் அந்தச் சத்தம் கேட்ட பிறகே பெடலை மிதிப்பார். மூடியைத் திறந்து நான் ஒருமுறை உள்ளே பார்த்திருக்கிறேன். நிறமூட்டிய ஆயில் ஒரு நூல்போலப் பெட்ரோலுக்குள் வளைந்து வளைந்து இறங்கி அடியில் போய்ச் சுருண்டது. காரணம் எளியது. லிட்டருக்குப் பெட்ரோல் சுமார் 740 கிராம், ஆயில் 870 கிராம். கனமானது கீழே போகிறது. கார்புரேட்டருக்குப் போகும் குழாய் டேங்க்கின் அடியில்தான் இருக்கிறது. ஆட்டாமல் கிளப்பினால் முதலில் கெட்டியான ஆயில் போய் பிளக் கரிபிடிக்கும். பிறகு ஆயில் குறைந்த பெட்ரோல் போய் பிஸ்டன் காயும்.

ஆனால் ஒருமுறை நன்றாகக் கலந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. ஆயிலும் பெட்ரோலும் ஒரே குடும்பத்து ஹைட்ரோகார்பன்கள். ஒன்றில் ஒன்று முழுக்கக் கரைந்துவிடும். அதன்பின் வண்டி ஒரு வாரம் நின்றாலும் அவை தாமாகப் பிரிவதில்லை. ராத்திரி நின்ற வண்டியையும் காலையில் ஆட்டினவர்கள் உண்டு. அது தேவைப்படாத ஆட்டம். கலக்க வேண்டியிருந்தது கரைவதற்காக. கரைந்த பிறகு திரும்பக் கலக்க ஒன்றுமில்லை. 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. ஆயில் தன் அறைக்குப் போய்விட்டது. ஆட்டும் பழக்கம் வண்டியிலிருந்து இறங்கி டப்பாவில் ஏறிக்கொண்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கரையாத மருந்தை நம்பியிருந்த எண்ணெயும் நம்மிடம் இருந்திருக்கிறது. மாட்டுவண்டிக்குப் போட்ட வண்டி மை, எரித்த வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்தது. கரி எண்ணெயில் கரையாது. மசகுக் குழாயில் இருப்பதை ஒவ்வொரு முறையும் குச்சியால் நன்றாகக் கிளறிவிட்டுத்தான் அச்சில் தடவ வேண்டும். இன்றைக்குக் கடைகளில் தனியாக விற்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த சேர்மானக் குப்பிகள் இந்த வண்டி மையின் சொந்தக்காரர்கள். சாம்பல் கறுப்பில் இருக்கும், எண்ணெயைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனமான தூள். இரண்டு மைக்ரான் துகள் என்றால் நாளுக்கு மூன்று மில்லிமீட்டர் வீதம் இறங்கிவிடும். அந்தக் குப்பியைக் கட்டாயம் குலுக்க வேண்டும். கிளட்ச் ஆயிலிலேயே முங்கியிருக்கும் பைக்குக்கு அதை ஊற்றலாமா என்பது வேறு கேள்வி. வண்டியின் கையேடு சொல்லாவிட்டால் ஊற்ற வேண்டாம் என்பேன்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இனிமேல் வருவதுதான். நல்ல ஆயிலில் மண்டி இருக்காது என்பது உறுதியானால், மண்டி இருக்கும் ஆயிலில் ஏதோ நடந்திருக்கிறது என்றுதானே பொருள்? அடியில் வெண்மையாகவோ பழுப்பாகவோ கசடு, மேலே மங்கல், அல்லது கீழே ஒரு தண்ணீர்ப் படலம். இது குலுக்கிச் சரிசெய்கிற விஷயமே இல்லை. பெரும்பாலும் தண்ணீர் புகுந்திருக்கும். தண்ணீர் சுண்ணாம்புத் துகளின் அந்தச் சட்டையைக் குலைக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கின்றன. பெருத்தவுடன் ஸ்டோக்ஸின் விதி அவற்றைக் கீழே இழுக்கிறது. நாம் குலுக்கினால் தெரிவது ஒரே சீரான பழுப்பு நிறம் மட்டும். சாட்சியைக் கலைத்துவிட்டு, தண்ணீரையும் கசடையும் நாமே எஞ்சினுக்குள் அனுப்பிவைக்கிறோம். பழைய ஆயிலை வடிகட்டி நிறம் வெளுத்துப் புது டப்பாவில் அடைத்து விற்கும் போலிகளுக்கும் இதே கதைதான். சும்மா நிற்கும்போது காட்டிக்கொடுக்கும் கசடு, குலுக்கியவுடன் மறைந்துகொள்கிறது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் புளியமரத்தடிப் பேரல்கள் நினைவுக்கு வந்தன. ஓசூர்ச் சீமை கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் வெப்பம் வெகுவாக மாறும். வெயிலில் நிற்கும் 210 லிட்டர் பேரலுக்குள் இருக்கும் ஆயில் 10 டிகிரி சூடானால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் விரிகிறது. எண்ணெய் விரிந்து மேலேயுள்ள காற்றை நெரிக்க, மூடியின் வாஷர் வழியாகக் கொஞ்சம் காற்று வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருந்து இழுக்கும். இப்படி நாள்தோறும் பேரல் மூச்சு விடுகிறது. நின்ற வாக்கில் இருக்கும் பேரலின் தலையில் விளிம்பு உயர்ந்திருப்பதால் அது ஒரு தாம்பாளம் மாதிரி. மழைநீரும் பனிநீரும் அதில் தேங்கும். இரண்டு மூடிகளும் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கும். இரவில் பேரல் உள்ளே இழுப்பது காற்றை இல்லை, தண்ணீரை. சொட்டுச் சொட்டாக. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் பொய்யில்லை. கையிறுக்கத்தையும் மீறி உறிஞ்சும் அந்தச் சுருக்கம்.

இதற்கு மருந்து மிகப் பழையது, செலவில்லாதது. பேரலை மரக்கட்டைகளின் மேல் படுக்க வைக்க வேண்டும். தலையில் இருக்கும் இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் மணி மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் வரும்படி உருட்டி நிறுத்த வேண்டும். அப்போது இரண்டும் உள்ளேயிருக்கும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும். வெளியே தண்ணீர் தேங்க இடமில்லை, உள்ளே இழுக்க வாய்ப்பில்லை. நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் அடியில் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சற்றே சாய்த்து, தேங்கும் தண்ணீர் மூடிகளுக்கு எட்டாத பக்கம் ஒதுங்கும்படி செய்து, மேலே தார்ப்பாய் போட வேண்டும். கைப்பம்பின் குழாயும் அடியைத் தொடக் கூடாது. நான்கு விரல் மேலே நிற்க வேண்டும்.

தை பிறந்து ஆயிலுக்கு வேலையில்லாத ஒரு நாளில் சும்மா பேசத்தான் போனேன். கடைக்காரரிடம் மூடி விஷயத்தைச் சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. பேரலின் தலையில் பனிநீர் நிற்பதைத் தினமும் துடைக்கிறவர் அவர். "பார்த்துரலாம் சார்" என்று அடியில் விட்ட குழாயில் கால் டம்ளர் இறைத்தார். கேஸ் அடுப்பில் இரும்புத் தகட்டைச் சூடாக்கி, எட்ட நின்று ஒரு சொட்டு விட்டோம். நல்ல ஆயில் என்றால் சத்தமில்லாமல் பரவிப் புகைவிட வேண்டும். இது கடுகு தாளித்ததுபோல் படபடவென்று பொரிந்தது. எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும் சத்தம் அது. ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே கேட்டுவிடும். பையன் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தான். அதுவும் பொரிந்தது. கடைக்காரர் கொஞ்ச நேரம் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பேரலிலிருந்து எத்தனை வண்டிக்கு ஊற்றியிருக்கிறோம் என்று எண்ணுவது முகத்தில் தெரிந்தது. பிறகு பேரலின் மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அதற்குப் பிறகு அதிலிருந்து ஒரு வண்டிக்கும் ஊற்றவில்லை.

பங்குனியில் மறுபடி போனேன். புதிதாக வந்த பேரல் இரண்டும் கூரைக்குக் கீழே, பழைய மரக்கட்டைகளின் மேல் படுத்திருந்தன. மூடிகள் மூன்றிலும் ஒன்பதிலும். என் வண்டிக்குப் பையன்தான் ஆயில் மாற்றினான். டப்பாவைக் குலுக்கவில்லை. சீலைத் திருப்பிப் பார்த்து, உடைத்து, அளவு போட்ட கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஜாடியில் நிதானமாக ஊற்றினான். கடைசி இரண்டு கரண்டி அளவை மட்டும் ஜாடியில் சேர்க்காமல் ஒரு டீ கிளாஸில் வடித்து, புளியமர நிழலைத் தாண்டி வெயிலுக்குப் போய்த் தூக்கிப் பிடித்தான். அடிவரை தேன் நிறம்.

"சுத்தமா இருக்குண்ணா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் புனலை எடுத்தான்.